படகுகளை மேலே ஏற்றுகிறவன்

எல்லோரும் ஆற்றோடு கீழே போகிறார்கள்.
நான் மட்டும் நாள் முழுக்க மேலே போகிறேன்,
வண்டிக்குப் பின்னால் பன்னிரண்டு படகுகளை
அடுக்கிக் கட்டி இழுத்துக்கொண்டு.
காலையில் மோன்தாரெல் பாலத்தடியில் இறக்கிவிடுவேன்.
மாலையில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி
மாவு ஆலை அணையருகே பொறுக்கிக்கொள்வேன்:
நனைந்த துண்டு, வெந்து சிவந்த தோள்,
துடுப்பைத் தொலைத்தது யார் என்ற புருஷன் பெண்டாட்டிச் சண்டை,
எல்லாம் சேர்த்து.

தினம் ஒரு ஒற்றைச் செருப்பு மிஞ்சும்.
கொட்டகையில் அதற்கொரு பெட்டி.
இந்த வருடம் முப்பத்தொன்று, பெரும்பாலும் இடது.
ஏனென்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.

வருகிறவர்கள் என்னிடமே வழியும் கேட்பார்கள்.
கோட்டைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி;
மேலே கோட்டை கிடையாது,
ஒரு சுவரும் காற்றும்தான். காற்று நன்றாயிருக்கும்.
பழைய ரயில் பாதையில் இப்போது சைக்கிள் ஓடுகிறது,
குகைக்குள் விளக்கு எரியாது, மணியடித்துக்கொண்டே போங்கள்.
பாறையில் அறைந்த இரும்பு ஏணியில் ஏறினால்
கழுகின் முதுகைப் பார்க்கலாம்.
(பிணந்தின்னி என்று சொல்லமாட்டேன்,
சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிறவர்களிடம்.)
திராட்சைத் தோட்டமா, சொலான்ஷிடம் போங்கள்.
வரிசைகளுக்குள் நடக்க விடுவாள்,
மூன்று கிண்ணம் ஊற்றி, ருசித்துவிட்டுத் துப்பச் சொல்வாள்.
யாரும் துப்புவதில்லை.

ஜூலை பாதியில் ஆறு மெலிந்துவிட்டது.
படகின் அடிவயிறு கல்லில் உரசுவது
கொட்டகைவரை கேட்டுப் பல் கூசியது.
முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன்:
கற்களிலெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்க் கீறல்.
என் படகுகள் ஆற்றுக்கு வண்ணம் அடித்திருக்கின்றன.
அந்த வண்ணத்துக்கு
இன்னும் நாலு வருடம் கடன் கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி
பாலத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
மறு அறிவிப்பு வரும்வரை.

செப்டம்பரில் சொலான்ஷிடம் கூலிக்குப் போனேன்.
மே மாத ஆலங்கட்டி பாதியை அடித்துக்கொண்டு போயிருந்தது.
மிச்சப் பாதி கறுத்து, தோல் இறுகி,
தொட்டால் விரலோடு வருகிற பக்குவம்.
வரிசைக்கு இருவர். எனக்கு எதிரே ஆர்மெல்,
விடுப்பு போட்டுவிட்டு வந்த தபால்காரி;
இலைகளுக்கு அந்தப் பக்கமிருந்து
ஊர்க் கதையெல்லாம் சொல்வாள், கத்தரி நிற்காது.
இரண்டாம் நாளே என் இடுப்பு
யாருடையதோ போல ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் மலைக்குப் பின்னால் இருட்டியது.
எல்லோரும் சொலான்ஷைப் பார்த்தார்கள்.
நான் மலையைப் பார்த்தேன்.
என் முகத்தில் என்ன இருந்ததோ,
ஆர்மெல் சட்டென்று குனிந்துகொண்டாள்.

கொட்டியது.
டிராக்டர் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்பது பேர் நின்றோம்.
இனி பழம் தண்ணீர் குடித்து ஊதும்,
வெடிக்கும், குளவி வரும், பூஞ்சை வரும்.
இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை,
அதனால் யாரும் பேசவில்லை.

என் சட்டைப்பையில் போன் அடித்தது.
பெல்ஜியத்துச் சாரணர் கூட்டம், நாற்பது பேர்:
மழையாமே, ஆறு திறந்துவிடுமா?
சுவரே இல்லாத இடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
திறந்தால் சனிக்கிழமை என்றேன்,
எவ்வளவு மெல்லச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல.

சொலான்ஷ் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
"எத்தனை படகு?"
"இருபது."
"உன் வண்டியில் பன்னிரண்டுதானே ஏறும்."
மறுபடி பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.
"என்னுடையதை எடுத்துக்கொள்.
சனிக்கிழமை அதில் ஏற்ற என்னிடம் என்ன இருக்கிறது."

வெள்ளியன்று தாளைக் கிழித்தார்கள்.
வண்ணக் கற்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போயிருந்தன.
சனிக்கிழமை நாற்பது பேர் கத்திக்கொண்டு கீழே போனார்கள்.

மாலையில் அவள் வண்டி என் வண்டிக்குப் பின்னால் மேலே ஏறியது,
ஆர்மெல்தான் ஓட்டினாள்.
சாறு காய்ந்த பலகையில் எட்டுப் படகும் ஒட்டிக்கொண்டன.
நான் அதைக் கழுவியிருக்கலாம்.

குளவிகள் பாலம்வரை கூடவே வந்தன.