சாவா ஆறு வந்த வியாழக்கிழமை

ஆறு இரவில் வேலிக்குள் வந்தது,
காதும் காதும் வைத்த மாதிரி.
மின்கம்பியின் டிக் டிக் நின்றுபோன மௌனத்தில்தான்
எனக்கு விழிப்பு வந்தது.

பதினோரு பன்றிகள் என் பெயரில்.
வெளுத்த மேனியில் கரும்புள்ளிகள்,
யாரோ மைப்பேனாவை உதறிவிட்டுப் போனதுபோல.
பேரேட்டில் ஒவ்வொன்றுக்கும்
தாய்வழி ஏழு தலைமுறை எழுதியிருக்கிறது.
எனக்கு மூன்றுக்கு மேல் தெரியாது.

படகை அவிழ்க்கப் போனான் வியேகோ.
முடிச்சு தண்ணீருக்கடியில்.
ஆற்றைத் திட்டினான், கயிற்றைத் திட்டினான்,
கட்டியவள் என்று என்னையும் ஒரு சுற்று.

அப்போதுதான் பார்த்தோம்.
ஓக் மரங்களுக்கிடையே ஒரு மூக்கு,
அதன் பின்னே விரியும் நீர்க்கோடு.
பேகா நீந்திக்கொண்டிருந்தாள்.
தொங்கு காதுகள் இரண்டும் மிதக்க,
தலையை முக்கி
ஒரு சிப்பியோடு எழுந்தாள்.
கடைவாயில் ஓடு நொறுங்கிய சத்தம்
மேய்ச்சல் நிலம் முழுக்கக் கேட்டது.
வியேகோ கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான்.

சனிக்கிழமை மிலோய்கோ வருவதாக இருந்தது
கத்திப் பையோடு.
பேகாவுக்கல்ல,
அவள் வயிற்றில் பிறந்த மூன்று ஆண்களுக்கு.
பாதை மூழ்கிவிட்டது என்று போன் செய்தார்.
"அடுத்த சனி" என்றார்.
"சரி" என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

இவற்றை யாரும் தின்னாத வருடங்களில்தான்
இந்த இனம் அழியப் பார்த்தது.
போன மாதம் சந்தையில்
நகரத்துப் பெண் ஒருத்தியிடம் இதைச் சொன்னேன்,
உப்பிட்ட தொடையை எடைபோட்டபடி.
தலையாட்டிக் கேட்டாள்.
பக்கத்துக் கடையில் தேன் வாங்கிக்கொண்டு போனாள்.

பொழுது சாய்ந்ததும்
மேட்டில் நின்று
சோள வாளியைத் தட்டினேன்.
இருட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கரையேறின,
சேறும் மூச்சுமாக.
எட்டு வரை எண்ணி நிறுத்தினேன்.
தண்ணீர் வெறுமையாக இருந்தது.
அக்கரையில் காடு, காட்டில் இந்த வருடம்
முழங்கால் ஆழத்துக்கு ஓக் காய்.
போகட்டும், என்று
ஒரு நிமிடம் நினைத்தேன்.
நானே முடிவெடுக்காமல்
ஆறே எடுத்துவிட்டதாக இருக்கட்டும்.

வந்தன.
மூன்றும் ஒட்டிக்கொண்டு,
நேராக என் வாளிக்கு.
சின்னவன் என் உள்ளங்கையில் மூக்கைத் தேய்த்தான்.
உதட்டில் ஒட்டியிருந்த சிப்பித்துண்டை
நகத்தால் எடுத்துவிட்டேன்,
குத்துமே என்று.