எமரால்டில் வத்தம்

ஏப்ரல் பதினைந்து பிறந்தால்
லிகோரி அண்ணனுக்குக் கை அரிக்கும்.
விசைப்படகு தருவைகுளத்தில் கட்டிக் கிடக்க,
அறுபத்தோரு நாள் கடலுக்குப் போகாத மனுஷன்
இந்த வருஷம் மலையேறி வந்தான்
குடும்பத்தோடு, இரண்டு பை கருவாட்டோடு.
எமரால்டு பஸ்ஸில் நாலு பேர் எழுந்து
வேறு சீட்டுக்குப் போனார்களாம்.
சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் ரெஜினா மதினி.

மின்வாரியக் குவார்ட்டர்ஸில் எனக்குப் பதினாலு வருஷம்.
மே மாதம் அணையில் தண்ணீர் இறங்கும்.
மூழ்கிய பழைய ரோடு ஒன்று முதுகு காட்டும்,
வெட்டிப்போட்ட மரங்களின் அடிக்கட்டை வரும்,
அப்புறம் செம்மண், படிப்படியாக,
வாரத்துக்கு ஒரு படி
தண்ணீர் உட்கார்ந்து எழுந்த தடம்.
என் மகள் மெல்பாவுக்கு அதுதான் பீச்.
அதற்கென்றே ஒரு பக்கெட், ஒரு கரண்டி,
ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு
அதற்கு மேல் ஒரு நீச்சல் கண்ணாடி.

"இதுவா பீச்சு?" என்றான் அண்ணன் மகன் ஜெனோ.
ஏழு வயசு. அலைக்குள் குட்டிக்கரணம் அடிக்கிறவன்.
ஈர மண்ணில் ஒரு காலை வைத்து
எடுத்துக்கொண்டான்.
"சித்தப்பா, இந்தத் தண்ணி ஏன்
ஒண்ணும் பேசாம கெடக்கு?"
கையைப் பிடித்தேன்.
சில்லிட்டிருந்தது, குளிரால் மட்டும் இல்லை.

அண்ணன் கரையை அளந்து நடந்தான்,
மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தான்.
கச்சானும் இல்லை, கொண்டலும் இல்லை,
யூகலிப்டஸ்தான்.
"தைலம் தேச்சிப் படுத்த கடல் மாதிரில்ல இருக்கு!"
ஆளுயரத் தளப்பத்தை இழுத்துப் போட்ட கையில்
ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூசி.
பத்து மணிக்கு உட்கார்ந்தவன்
மூன்று மணிக்கும் அப்படியே.
ஒரு கொத்து இல்லை.
"மீனே இல்லாத தண்ணிக்கு எதுக்குடா
இவ்வளவு பெரிய செவரு?"

சுகந்தி சோற்றைப் பிரித்தாள்.
பீட்ரூட் பொரியலுக்குக் கருவாட்டுக் குழம்பு,
பாதியில் மூடுபனி வந்து பந்தியில் உட்கார்ந்தது.
மதினி அதற்குக் குடை விரித்துப் பார்த்தாள்.

மெல்பா தூண்டிலைக் கேட்கவில்லை, பறித்தாள்.
சப்பாத்தி மாவை உருட்டி முள்ளில் குத்தினாள்.
விட்ட கொஞ்ச நேரத்தில்
விரல் நீளக் கெண்டை ஒன்று
மண்ணில் துள்ளியது.
"ஏ, பாடுல்லா!" என்று எழுந்து கத்திய அண்ணன்
அதை உள்ளங்கையில் ஏந்தி
ஏலம் விட ஆரம்பித்தான்,
அவன் ஊர்க் கரையில் கூவுகிற அதே குரலில்.
நூறு. நூத்தியம்பது. மதினி இருநூறு.
ஜெனோ இரண்டாயிரம்.
ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

பக்கெட்டில் வாங்கியவன்
நேராகத் தண்ணீருக்குள் நடந்தான், முழங்கால் வரை,
கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றான்.
மெல்பா அழுத அழுகை
குந்தா வரை கேட்டிருக்கும்.

அவளைச் சமாதானப்படுத்தியது ஒரு குச்சி.
இருவரும் அதைத் தண்ணீர் விளிம்பில் நட்டார்கள்.
ஆறரை மணிக்குக் குச்சி தரையில் நின்றது,
தண்ணீர் இரண்டு விரல் தள்ளி.
"சித்தப்பா, வத்தம்! இங்கயும் வத்தம்!"

ஆமாம் என்றேன்.
இது நிலா இழுக்கிற வத்தம் இல்லை.
கீழே மெஷின் ஓடுகிறது.
திருப்பூரில் தையல், ஈரோட்டில் கிரைண்டர்,
எங்கோ ஒரு வீட்டில் பிள்ளை படிக்கிற டியூப்லைட்,
எல்லாரும் சேர்ந்து இழுக்கிறார்கள்.

அண்ணன் பீடியைக் கீழே இறக்கினான்.
"நம்ம ஐஸ் கம்பெனி?"
"அதுவும்தான். ஜூன்ல திறந்தா
கொஞ்சம் இங்கிருந்தும் வரும்."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
கிளம்பும்போது குனிந்து
ஒரு கை அள்ளி வாயில் வைத்தான்.
துப்பினான்.
"எல்லாம் சரிதான்.
உப்பு போட மறந்துட்டீங்கடா."