முதல் வாளி

நீலப் பிளாஸ்டிக் வாளி.
மூடியில் ஓட்டை, ஓட்டையில் சேலைன் குழாய்,
நுனி சோடாப் போத்தல் தண்ணீருக்குள்.

கொக்குவில் கிணற்றில் சுண்ணாம்பு கூட;
கறுத்த பியருக்கு அது நல்லதாம்,
ஹொப்ஸ் அனுப்பிய மச்சான் சொன்னான்
ரொறன்ரோப் பனிக்குள் நின்று.
இங்கே முப்பத்துநாலு பாகை.
வாளிக்கு ஈரச்சாக்குச் சுற்றினேன்,
காய்ச்சல்காரனுக்குப் போல.

இரண்டு நாள் குழாய் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் இரவு ஒரு குமிழி.
சுகிர்தாவை நித்திரையால் எழுப்பினேன்.
"இதுக்கே? என்ரை தோசைமா
ஒவ்வொரு இரவும் மூடியைத் தூக்குது."

பதினைந்தாம் நாள் முதல் கிளாஸ்:
நனைந்த மட்டைப்பெட்டி, கொஞ்சம் வாழைப்பழம்.
இரண்டாம் மிடறு இல்லை.

அடி மண்டியை அவள்தான் அள்ளினாள்,
கள்ளுக்குப் பதிலாய், அப்பமாவுக்குள்.

விடிய, கரை முறுகின பதினொரு அப்பம்.
"கொஞ்சம் கைக்குது."
வாளி கழுவ
அவளே தேசிக்காய் வெட்டித் தந்தாள்.