ஈரக்கை

பெருங்குடி, ஏழாவது மாடி.
காசிமேட்டு மீன்காரிகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் செயலி ஒன்று.
அதில் ஒரு பொத்தான் வரைய
மூன்று இரவு இணையத்தில் கட்டைவிரலைப் படித்தேன்.

சராசரி அகலம் எவ்வளவு,
திரையின் எந்த மூலை அதற்கு எட்டாது,
பச்சை எத்தனை நாட்டில் சம்மதம்
எத்தனை நாட்டில் வேறு ஏதோ.
நாற்பத்தொரு பக்கங்கள் திறந்து கிடந்தன.
பனி விழும் ஊர்க்காரர் ஒருவர்
கையுறை போட்ட விரல்களைப் பற்றி மட்டும்
நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார்.
அவரை எனக்குப் பிடித்துப்போனது.
விடிந்தபோது
விரலைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை
என்றுதான் நினைத்தேன்.

காசிமேடு, அதிகாலை மூன்றரை.
டீசல் வாடை, மஞ்சள் விளக்கு,
காலுக்குக் கீழே எதுவென்று பார்க்க விரும்பாத ஈரம்.
தேசராணிக்கும் என்னைப்போல முப்பத்து மூன்று.
சங்கராவைத் தரம் பிரித்துக்கொண்டே
"இன்னா கேக்கணுமோ சீக்கிரம் கேளு" என்றாள்.

என்னிடம் பதினான்கு கேள்விகள் இருந்தன.
கேட்காமல் போனை நீட்டினேன்.
அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.
இன்னொரு முறை.
புடவையில் துடைத்துப் பார்த்தாள்,
புடவையும் ஈரம்.
விரலிலிருந்து ஒரு செதில்
திரைக்கு மாறி மினுங்கியது,
நான் வரையாத ஒரே சின்னம்.

கடைசியில் மூக்கால் அழுத்தினாள்.
மூக்குக்குத் திரை திறந்தது.
நாற்பத்தொரு பக்கத்தில் ஒன்றிலும்
மூக்கு இல்லை.

அடுத்து, 'சமர்ப்பிக்கவும்'.
எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துவிட்டு
பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்தாள்.
"ரெண்டு பார் ஐஸ எந்த சாமிக்குமா சமர்ப்பிக்கணும்?"
இருவரும் சிரித்ததை
'சொல் புரியவில்லை' என்று குறித்துக்கொண்டேன்.
அது பொய்.
சொல் அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

இதுவரை எப்படி ஐஸ் வாங்கினீர்கள் என்றேன்.
ஐஸ்காரர் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால், ஒரு பார்.
இரண்டு என்றால் இரண்டு.
மூன்று என்றால்
இன்றைக்கு வராதே, வலையில் ஒன்றுமில்லை.
செலவில்லை. எழுத்தில்லை.
இதைத்தான் நான் மேம்படுத்த வந்திருந்தேன்.

அதற்குள் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி
திரைமேல் தானே ஓடி, தானே தட்டி
இரண்டு பாரை இருநூற்று இருபத்திரண்டு ஆக்கி
ஆர்டரும் போட்டுவிட்டது.
"அய்யோ" என்றாள். பிறகு,
"இப்போ இத எங்க அழுத்தணும்?"
"எதை?"
"அய்யோவ."

அப்படி ஓர் இடம் நான் வரைந்திருக்கவில்லை.

திரும்பி வந்து தேடினேன்: ஈர விரல்.
தோல் மருத்துவர்கள் வந்தார்கள். ஒரு நீச்சல்குளம் வந்தது.
தண்ணீரில் விரல் ஏன் சுருங்குகிறது என்று
பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளி.
வழுக்காமல் பிடிக்கத்தானாம்.
இரண்டு முறை பார்த்தேன்.
மற்றபடி இணையத்தின் கட்டைவிரல்கள் எல்லாம்
காய்ந்தே இருந்தன.

'செயல்தவிர்' போதாதா என்று கேட்டார் நவநீதன்.
போதாது என்பதற்குப் பதினெட்டு ஸ்லைடு காட்டினேன்.
போதாது என்று ஆனபின்
அய்யோவா ஐயோவா என்று அரை மணி நேரம்.
அரசியலாகிவிடும் என்றார் ஒருவர்.
அவள் சொன்னது அய்யோதான் என்றேன்,
காதில் அதை எப்படிப் பிரித்துக் கேட்டேன் என்று
நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

இப்போது திரையின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு.
மூக்குக்கு எட்டும். முழங்கைக்கும் எட்டும்.
நேற்று விடியற்காலை 4.12க்கு
யாரோ அதை அழுத்தியிருக்கிறார்.
இருபது, மறுபடி இரண்டு.
யாரென்று பதிவில் இல்லை,
எதனால் அழுத்தினார் என்பதும்.

ஏழாவது மாடியில்
நான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.