உரிமைக்கோரல் நான்கு

"அறுபது டிகிரியில் இறுகிய வார்ப்பை
நான்கு மணி நேரம் மெல்லக் குளிரவிடுதல்;
அதனால் கிழியாமல் உரிந்துவரும் நுண்ணச்சு."
மாதேஷ், இதைக் கண்டுபிடித்தது நீயல்ல.
நானும் அல்ல.
கருப்பூர் துணைமின் நிலையம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, சித்திரை.
இரண்டு மணிக்குப் போன கரண்ட்.
ஓவனைத் திறக்கக்கூட மனமில்லாமல்
"போச்சு, இதுவும் போச்சு" என்று
பரோட்டா வாங்கக் கிளம்பிவிட்டாய்.
நான் உட்கார்ந்திருந்தேன்
வெந்த ரப்பர் வாசத்தில்,
தலையில் ஈரத்துண்டோடு.

ஆறரைக்கு நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன்.
பாலாடை போல வந்தது.
அதற்குமுன் பதினொன்று கிழிந்திருந்தன.
ஒரு தலைமயிரை நூறாய் வகிர்ந்தால்
அதில் ஒன்றின் அகலம் ஒவ்வொரு வரியும்.
தாய்த்தகட்டின் மேடெல்லாம் பள்ளமாய்,
பள்ளமெல்லாம் மேடாய்,
ஒன்றுகூடச் சாயவில்லை.
டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பினால்
ரப்பரில் ஒரு வானவில் நகர்ந்தது.
சால்னா சொட்டும் பையோடு வாசலில் நின்று
"ஜெயிச்சிட்டோம்" என்றாய்.
"டோம்" என்றுதான் சொன்னாய்,
எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மனுவில் உன் பெயர் மட்டும்.

"சாட்சி என்ன இருக்கு?" என்றார் ரெஜினா மேடம்.
நோட்டுப் புத்தகம் உன்னிடம்.
மின்வாரியத்துக்குத் தகவல் உரிமையில் எழுதிப் போட்டேன்.
முப்பத்துநான்காம் நாள் வந்தது ஒரு மங்கலான நகல்:
ஃபீடர் மூன்று, 14.00 முதல் 18.05 வரை, சுமை குறைப்பு.
கிண்டியில் உன் வக்கீல் சிரித்தார்:
"கரண்ட் ஊருக்கே போயிருக்குமே மேடம்."
சரிதான். ஊருக்கேதான்.

அன்றிரவு லாட்ஜில்
உன் மனுவின் மூன்றாம் படத்தைப் பெரிதாக்கினேன்.
வலது மூலை, ஏழாவது வரி,
ஒரு கொப்புளம்.
மாத்திரை டப்பாவில் நான் வைத்திருக்கும் முதல் அச்சில்
அதே மூலையில், அதே வரியில்
ஒரு குழி.
காற்றுக்காக ஜன்னலைத் திறந்தது நான்.
எதிரே வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம்.
கோலமாவு போல மேசையில் படியுமே, அந்தத் தூசி,
அதில் ஒரு துகள் தகட்டில் இறங்கியிருக்கிறது.
"ஜன்னலைச் சாத்துன்னு எத்தனை தடவை சொல்றது"
என்று நீ கத்தியதும்
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மறுநாள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு
நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார்.
குழியையும் கொப்புளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.
உன் வக்கீல் சிரிக்கவில்லை.
நீ உன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உத்தரவு பின்னர் என்றார்கள்.
மூன்று மாதமாகலாம், மூன்று வருஷமும் ஆகலாம்.
படியில் என் பின்னாலேயே இறங்கி வந்து
"அந்த முதல் பீஸ் இன்னுமா வச்சிருக்க?" என்றாய்.
பதில் சொல்லவில்லை.
சேலம் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.
உனக்கும் அதே வண்டிதான்,
வேறு பெட்டியாக இருக்கும்.