நாலாயிரத்து நூற்றுப் பதினேழு

சுடுவதற்காகக் கட்டிய காங்கிரீட் பதுங்குகுழி.
துப்பாக்கி நீட்டிய பிளவில்
என் லென்ஸ் சரியாகப் பொருந்துகிறது.
முதல் வருடம் அதற்கு வெட்கப்பட்டேன்.
இப்போது முழங்கைக்குத் துண்டை மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.
மற்ற நாளெல்லாம் கல்யாணப் படங்கள்,
மே முதல் வாரம் மட்டும் எனக்கு.

எதிரே மெசினா நீரிணை, அதற்கப்பால் சிசிலி.
தேன்பருந்துகள் அங்கே புறப்படும்போது
வானத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது.
ஜெசுவால்டோ மட்டும் "வருது" என்பார்.
கண்ணாடி போட்டும் பேப்பர் படிக்க முடியாத மனிதர்.

வடமேற்குக் காற்றென்றால் தாழத்தான் வரும்.
ஆப்பிரிக்காவிலிருந்து பட்டினியாக,
வடக்கே ஏதோ ஒரு காட்டின்
குளவிக்கூடு ஞாபகத்தில்.
வினாடிக்கு இருபது எடுக்கிறேன்.
ஷட்டர் தடதடக்கும்போதெல்லாம்
பக்கத்தில் அவருடைய வலது தோள்
ஒரு விரற்கடை பின்னுக்குப் போய்வருகிறது.
துப்பாக்கியை விற்று இருபத்தாறு வருடம்.
தோளுக்கு யாரும் சொல்லவில்லை.

வசந்தத்தில் ஒன்றையாவது வீழ்த்தாதவனுக்குத்
தலையில் கொம்பு முளைக்கும் என்பார்கள் இங்கே,
மனைவி வேறு ஆள் தேடிக்கொள்வாள் என்று பொருள்.
"நான் பதினொன்று வீழ்த்தின வருஷம்தான்
அவள் மிலானோவுக்கு ரயிலேறினாள்" என்கிறார்,
பிளாஸ்க் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றியபடி.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரித்தேன்.

பதினொன்றே கால்.
ஒரு பெண்பறவை. மஞ்சள் கண்.
இடது இறக்கையில் இரண்டு சிறகு குறைவு.
என் நெற்றிக்கு நேராக வந்தது.
ஃபோகஸ் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டது.
கம்பியின் ஒவ்வொரு முறுக்கும் தெளிவு,
பின்னால் பறவை ஒரு பழுப்புச் சந்தேகம்.
"தப்பிச்சிடுச்சு" என்றார்.
அந்தச் சொல்லை
எந்தப் பக்கம் நின்று சொன்னார் என்று கேட்கவில்லை.

அப்போதுதான் எதிர்ச் சரிவில் வெடித்தது.
ஒன்று.
பிறகு இன்னொன்று.

லென்ஸ் தானாகத் திரும்பியது என்பேன்,
யாராவது கேட்டால்.
மஞ்சள் பூத்த புதர்களுக்குள்
ஒரு தொப்பி குனிந்து எதையோ எடுத்தது,
நிமிர்ந்தது.

திரையில் பெரிதாக்கினேன். இன்னும். இன்னும்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது படம்.
இந்த வசந்தத்தில் நான் எடுத்ததிலேயே துல்லியமானது,
தாடைத் தழும்பு வரை.
அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.
மார்ச்சில், ஆல்பத்துக்கு முன்,
"இதை மட்டும் எடுத்துவிடேன்" என்று கேட்டான் நுன்சியோ.
அறுபத்திரண்டு படங்களிலும் அழித்துக் கொடுத்தேன்.
ஜெசுவால்டோவின் தங்கை மகன்.
கல்யாணமாகி ஏழு வாரம்.
கொம்புக்குப் பயப்படும் வயது.

கேமராவை ஜெசுவால்டோ தன் பக்கம் சாய்த்தார்.
முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.
குனிந்த விதத்தைப் பார்த்தார்.
அழி என்று சொல்லவில்லை. வை என்றும் சொல்லவில்லை.
பிளாஸ்க்கை மூடினார். மரை கோணலாக ஏறியது.
கழற்றி மறுபடி மூடினார்.

என் கட்டைவிரல்
குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான் மேலே இருக்கிறது,
அழுத்தாமல்,
எடுக்காமல்.

கீழே வளைவில் வனக்காவலர் ஜீப்
இரண்டாம் கியருக்கு மாறுகிறது.
மேலே எத்தனையோ கடந்து போகின்றன.
ஜெசுவால்டோ "வருது" என்று சொல்லவில்லை,
எதைப் பற்றியும்.