பின்கண்ணாடி

ஏப்ரல் முதல் வாரம்
எங்கள் கார் கழுவுமிடத்துக்கு
அழுக்கே இல்லாத கார்களும் வரும்.
சாலையில் தூவிய உப்பெல்லாம்
போன மாதமே கரைந்து போயிற்று.
இவர்கள் வருவது பின்கண்ணாடியைத் துடைக்க.
துடைத்த இடத்தில்
ஒட்ட.

கனெக்டிகட்டில், இந்த ஊரில்,
உங்கள் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை. அநாகரிகம்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
முன்னால் நிற்கும் காரின் முதுகைப்
படித்துக்கொள்வார்கள்.

காத்திருக்கும் அறையில் நான்கு நாற்காலி,
சர்க்கரை தீர்ந்துபோன ஒரு காபி இயந்திரம்.
சுவர் மெல்லிசு. எனக்கு எல்லாம் கேட்கும்.
"பாஸ்டன் பக்கம், ஏதோ ஒரு இடம்" என்பார் பல் மருத்துவர்.
அந்த 'ஏதோ'வை
வெள்ளித் தட்டில் வைத்து நீட்டுவார்.
"எங்கள் தாடியஸுக்கு ஒரே குழப்பம், பாவம்,
ஐந்து இடத்திலும் கிடைத்துத் தொலைத்துவிட்டது."
பாவம். தொலைத்துவிட்டது.
தோலில் கை படாமலும்
தம்பட்டம் அடிக்கலாம்.

மெரிடித் ஹாலோரன் மட்டும் சுற்றி வளைக்கவில்லை.
கதவைத் திறந்ததும் சொன்னார்:
"நாங்கள் சேர்ந்துவிட்டோம்!"
நாங்கள்.
நீங்களும் விடுதியில்தான் தங்குவீர்களா என்று கேட்க
நாக்கு துறுதுறுத்தது.
ஆனால் ஐந்து டாலர் டிப்ஸ் தருகிறவர்.
கருஞ்சிவப்பில் ஏழு எழுத்து.
குமிழி விழாமல், கோடு சாயாமல்
நான்தான் ஒட்டினேன்.
அவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்,
பிறகு இன்னும் நான்கடி,
பிறகு சாலையைத் தாண்டிப் போய் நின்று.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
மழை நாளில் கார் கழுவ யார் வருவார்கள்?
அதே கார். இன்ஜினை அணைக்கவில்லை.
"ரூய், அதை எடுத்துவிட முடியுமா?"
காரை விற்கப்போகிறீர்களா என்றேன்.
ஆமாம் என்றார், கொஞ்சம் தாமதமாக.
முன்சீட்டில் பையன்,
தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு.
அவர் அறைக்குள் போனார்.
உள்ளே யாரோ கேட்டிருக்க வேண்டும்.
"அவன் விட்டுவிட்டான்" என்று
மெல்லிசுச் சுவர் சொன்னது.
சேரும்போது நாங்கள்.
விடும்போது அவன்.

எடுப்பது ஒட்டுவதைப் போலில்லை.
கண்ணாடிக்குள் முடி அளவுக் கம்பிகள் ஓடுகின்றன,
பனிக்காலத்தில் மூடுபனியை உருக்க.
கம்பி போகும் திசையிலேயே பிளேடு போக வேண்டும்;
குறுக்கே போனால் ஒரு கோடு செத்துவிடும்.
முதலில் சூடு காட்டி, பசையை இளக்கி, மெதுவாக.

பையன் இறங்கி வந்தான்.
"ஹேர் டிரையரை நான் பிடிக்கிறேனே."
பிடித்தான். நன்றாகவே பிடித்தான்,
ஓர் எழுத்தைக் கருக்காமல்,
அடுத்த எழுத்துக்குக் காத்திருந்து.
"முழுசாகப் போய்விடுமா?"
பசை போகும். நிழல் கொஞ்ச நாள் இருக்கும்.
குளிரில் கண்ணாடி வியர்த்தால்
எழுத்து தெரியும், பிறகு தெரியாது.
தலையாட்டினான், இயந்திரப் பாகத்தைப் பற்றிக்
கேட்டுக்கொள்கிறவனைப் போல.

அப்போதுதான் என் வாய்
என்னைக் கேட்காமல் திறந்தது.
என் மகள் டெல்ஃபினா, என்றேன்,
கம்யூனிட்டி காலேஜில் நர்ஸிங், ராத்திரி வகுப்பு.
நூற்றுப்பத்துப் பேர் விண்ணப்பித்ததில் முப்பது இடம்.
உடற்கூறியலில் தொண்ணூற்றிரண்டு.
பகலில் பேக்கரியில் நின்றுகொண்டே படித்தது, என்றேன்.
யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தும்
நிறுத்த முடியவில்லை.
முதல் தடவையிலேயே, என்று வேறு சேர்த்தேன்.

"அட, அருமை" என்றான். மெய்யாகத்தான் சொன்னான்.
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான்.
"அவளுக்குப் பிடித்திருக்கிறதா?"

ஹேர் டிரையர் சத்தத்தில்
காதில் விழாதவன் மாதிரி
கடைசி எழுத்தைச் சுரண்டினேன்.